தாத்தாவின் பெயர் வரும் துதி

ஒரே ஒரு சொல்லை மட்டும் என் அம்மா வாய்விட்டுச் சொன்னதே இல்லை. ஹரி. அது தாத்தாவின் பெயர். மாமனார் பெயரை மருமகள் உச்சரிக்காத வழக்கம் அன்று மேனாம்பேட்டில் எல்லா வீட்டிலும் உண்டு. எங்கள் வீட்டில் அது பெருமாளின் பெயருமாகிவிட்டது. அம்மாவும் தாத்தாவும் நேருக்கு நேர் பேசியதுமில்லை. தாத்தா எதிரிலேயே அமர்ந்திருக்க, "காபி ஆறுதுன்னு தாத்தாகிட்ட சொல்லு" என்பாள் அம்மா. அவர் காதில் ஏற்கெனவே விழுந்ததை நான் பொறுப்பாக மறுபடியும் சொல்வேன்.

இன்று அடுக்குமாடிகளுக்கு நடுவே ஒடுங்கி நிற்கும் பஜனைக் கூடத்தில், ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை துதியை முன்னின்று பாட அம்மாவை அழைத்தார்கள். தெருவிலேயே நல்ல குரல் அவளுடையது. ஆனால் அந்த வடமொழித் துதியில் அடிக்கு ஒரு ஹரி. ஒரு சொல்லும் விடுபடலாகாது என்பது கூடத்தின் விதி.

"இன்னாக்கா, நடுநடுவுல முழுங்கிகினு கீறே? பேசாம நானே பாடிடட்டா?" என்றாள், அம்மா பாடிப் பழகுவதைக் கேட்ட எதிர்வீட்டுக்காரி. அம்மா சிரித்தபடியே பூத் தொடுத்தாள். நூல் இரண்டு முறை அறுந்தது.

வடமொழி படித்துக்கொண்டிருந்த மாமா, அம்மாவின் தம்பி, வழி கண்டார். பழைய வேள்விப் பாடல்களில் அச்சொல் இந்திரன் தேரில் பூட்டிய குதிரை, இதிகாசத்தில் குரங்கு, பின்வந்த காவியங்களில் சிங்கம், நிகண்டுகளில் கிளி, பாம்பு, தவளை, சூரியன். இந்தத் துதியிலும் அடிதோறும் பொருள் மாறுகிறது.

"ஒரு அடியிலதான்க்கா பெருமாள். மத்ததெல்லாம் சிங்கம், குதிரை, தவளை. தவளையைச் சொன்னா உன் மாமனாருக்கு என்ன?"

"தவளையோ சிங்கமோ, சொல்ல வாயெடுத்தா அவர் முகம்தான்டா வருது."

மாமா என்னைப் பிடித்தார். அம்மா நிறுத்தும் இடங்களில் நான் அச்சொல்லைச் சொல்லிவிட வேண்டும்; விதியும் பிழைக்கும், வழக்கமும் பிழைக்கும். ஏழு வயதில் அதனினும் பெரிய பதவி எனக்குத் தெரியாது. கிணற்றடித் தவளைகளைக் கும்பிட்டு, அவற்றின் முன்னிலையில் ஒத்திகை பார்த்தேன்.

கூடம் நிறைந்திருந்தது. தாத்தா முன்வரிசையில். அம்மா தொடங்கினாள், முதல் இடைவெளி வந்தது. அத்தனை முகங்களையும் கண்டதும் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எதிர்வீட்டுக்காரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஹரி" என்றது ஒரு கரகரத்த குரல்.

தாத்தா. கண்களை மூடியிருந்தார். அம்மாவின் குரல் ஒரு கணம் நடுங்கி, பிறகு நிமிர்ந்து மேலே ஏறிற்று. குதிரையோ குரங்கோ, அவள் இடம்விட்ட அடிதோறும் தாளம் பிசகாமல் அவர் சொன்னார். ஒரு சொல்லும் விடுபடவில்லை. சுண்டல் கொடுக்கையில் எதிர்வீட்டுக்காரியே அம்மாவின் கையில் ஒரு பிடி கூடுதலாக வைத்து, "ஜோராத்தான் பாடினேக்கா" என்றாள்.

எனக்கு மட்டும் ஆறவில்லை. "தன் பேரைத் தானே இத்தனை தடவை சொல்லிக்கிறாரே, தாத்தாவுக்கு வெட்கமா இல்ல?" என்று மாமாவிடம் அழுதேன். எதற்கும் பொருள் சொல்லும் மாமா அன்று தன் சுண்டலையும் என் கையில் கொட்டினார்.

மறுநாள் காலை, "காபி ஆறுதுன்னு சொல்லு" என்றாள் அம்மா. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"அதான் காதுல விழுந்துதேம்மா" என்றார் தாத்தா, டம்ளரை எடுத்துக்கொண்டே. "சர்க்கரை போதுமான்னு பாருங்க" என்றாள் அம்மா, அடுப்பைப் பார்த்தபடி.

இந்தப் பதவியும் போயிற்று என்பது மட்டும்தான் எனக்குப் புரிந்தது.