மக்காத சருகு

மாயம்மாளுக்குச் சருகுதான் சோறு. நத்தம் சாலையில் ஒரு மாந்தோப்பில் சருகு கூட்டி, கட்டிச் சுமந்து, பேகம்பூர் ஜெகபர் அலியின் பொரிகடலை அடுப்புக்குக் கொண்டுபோய்ப் போடுவாள். புருஷன் செத்தபிறகு பெண்பிள்ளைகள் இரண்டும் அந்தச் சுமையில்தான் வளர்ந்தன. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அதையும் அவளே பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

தோப்பு கண்ணுசாமியுடையது. அறுபதாம் வருஷம் வாக்கில் ஊரெல்லாம் சீமை உரம் என்று ரசாயன உரம் வந்தபோது, அவரும் மேற்குப் பாதிக்கு மட்டும் போட்டுப் பார்த்தார். பூச்சிப் பொடியும் தூவினார். கிழக்குப் பாதியில் வழக்கம்போல ஆட்டுக்கிடை போட்டு, விழுகிற புழுக்கைதான் எரு. முதலில் மேற்கே கிளை ஒடியக் காய்த்தது. அப்புறம் காய் சிறுத்தது, பிஞ்சு கொட்டியது. உரம் பத்தவில்லை என்று இன்னும் கூட்டிப் போட்டார். பலனில்லை.

அந்த நேரம் பார்த்து ரோசலின் என்பவளும் சருகு கேட்டு வந்து நின்றாள். அவளும் பிள்ளைகுட்டிக்காரி. ஆளுக்குப் பாதி என்று சொல்லிவிட்டார் கண்ணுசாமி. மாயம்மாள் முந்திக்கொண்டாள்.

"அண்ணே, மேக்க இருக்க பாதிய எனக்குக் குடுத்துருங்க. புண்ணியமாப் போகும்."

"ரெண்டும் மாமரந்தானத்தா? எதா இருந்தா என்ன?"

"என்னண்ணே இப்பிடிக் கேட்டுப்புட்டீக! கெழக்க விழுந்த வேகத்துல மக்கிப்போகுது. வெளக்கமாத்தப் போட்டா கருஞ்சேறுதான் வருது. மேக்க பாருங்க, போன கோடையில நான் விட்டுப்போன சருகு, அம்புட்டு மழையில நனைஞ்சும் அப்பளம் மாதிரி கெடக்கு. ஒரு புழு பூச்சி வாய் வைக்கல. தங்கமான மண்ணுண்ணே!"

கண்ணுசாமி மேற்கே திரும்பிப் பார்த்தார். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். கிழக்கே கொத்தினால் புழு நெளிந்தது. மக்கிய இலைக்கடியில் வெள்ளை வெள்ளையாய்ப் பூசண இழை ஓடியது. புதுமழை வாசனை அடித்தது. மேற்கே மண்வெட்டி 'டங்'கென்றது. வாசனையே இல்லை. சருகைத் தின்று மரத்துக்குச் சோறாக்கும், கண்ணுக்குத் தெரியாத கூட்டம் அங்கே அற்றுப்போயிருந்தது.

மறுநாள் சொல்லிவிட்டார். "இனிமே சருகு யாருக்கும் கெடையாதுத்தா. மண்ணுக்கே கெடக்கட்டும்." மேற்கே உரத்தையும் பொடியையும் நிறுத்திவிட்டு, அங்கேயும் கிடை போட்டார்.

மாயம்மாள் சாலை நெடுக அவரைத் திட்டிக்கொண்டே போனாள். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டோமே என்று வீட்டில் உட்கார்ந்து அழுதாள்.

பிறகு ரோசலினையும் கூட்டிக்கொண்டு வேறு தோப்புகளுக்குப் போனாள். "சீமை உரம் போடுறீகளா?" என்றுதான் முதலில் கேட்பாள். விவரமான பொம்பளை என்று மெச்சிக்கொண்டு, "போடாம?" என்பார்கள் தோப்புக்காரர்கள். அப்படிச் சொல்கிறவர்கள் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போனார்கள். இரண்டு பேருக்கும் சருகுக்குப் பஞ்சமே வரவில்லை.

சில வருஷம் கழித்து, கண்ணுசாமி தோப்போரம் ரோசலினோடு சுமை தூக்கி வந்த மாயம்மாள் மேற்குப் பாதிக்குள் நுழைந்து, சருகைக் காலால் தள்ளிப் பார்த்தாள். அடியில் ஈரம். கால்விரலில் கருப்பாய் ஒட்டியது. அவளுக்கு வயிற்றெரிச்சலும் வந்தது, சந்தோஷமும் வந்தது.

"பாழாப்போன மண்ணு," என்றாள் ரோசலினிடம், "பொழச்சுக்கிருச்சு."