வளைவுக்கு முன்னால் சத்தம் இறங்கவில்லை

நம்புகிறவர் நம்பலாம். நம்பாதவர் எங்கள் கடைக்கு வாருங்கள். ஒரு வண்டி தருகிறேன், அந்த வளைவு வரை நீங்களே ஓட்டிப் பாருங்கள். எனக்குக் கதை கட்டத் தெரியாது. பிரேக் ஷூ மாற்றத் தெரியும்.

அண்ணனும் அவன் தங்கை நானும் பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறோம். பழுது பார்ப்பது இருவரும். பார்த்த வண்டியை ஓட்டிச் சோதிக்கிற ட்ரையல் மட்டும் என் வேலை. எனக்கு வேகம் பிடிக்கும். மறைக்க நான் என்ன திருடியா? காற்று முகத்தில் அறையும்போதுதான் உயிரோடு இருக்கிற மாதிரியே இருக்கும். கடையில் என் பட்டப்பெயர் ராக்கெட்.

அண்ணன் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. நேர் ரோட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் முறுக்கிக்கொள்ளலாம். கடைசி மின்கம்பம் வந்ததும் ஆக்ஸிலரேட்டரை முழுதாக விட்டு, இரண்டு பிரேக்கையும் அழுத்த வேண்டும். கம்பத்துக்கு அப்பால் வளைவு. அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று தெரியாது. அண்ணன் கடை வாசலில் நின்று காது கொடுப்பான். கம்பத்தருகே எஞ்சின் சத்தம் இறங்க வேண்டும். இது நடந்த வாரம் ஏற்கெனவே ஒரு தடவை இறங்கவில்லை.

"இன்னொரு தடவை சத்தம் இறங்கலைனா சாவியைக் குடுத்துட்டு உள்ள உட்கார்ந்து பஞ்சர் ஒட்டு" என்றான். ட்ரையல் போனால் அந்தக் கடையில் எனக்கு வேறென்ன இருக்கிறது? கோபத்தில் அன்று சாப்பிடவே இல்லை.

அன்றுதான் அந்தக் கறுப்பு வண்டி வந்தது. ஒல்லியான ஒரு மனிதர் தள்ளிக்கொண்டு வந்தார். பிரேக் பிடிக்கவில்லையாம். விட்டுவிட்டுப் போனார். கழற்றிப் பார்த்தேன். பிரேக்கில் ஒரு குறையும் இல்லை. துடைத்து மாட்டிவிட்டு ட்ரையல் கிளம்பினேன். மாலை 6.50. நன்றாக இருட்டியிருந்தது.

தெருமுனை தாண்டியதும் வண்டியின் பின்பக்கம் அமுங்கியது.

பின்னால் ஆள் ஏறினால் ஹேண்டில் லேசாகும். லேசானது. தலையைத் திருப்பிப் பார்த்தேன். சீட் காலி.

ஷாக் அப்சார்பர் வீக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு முறுக்கினேன். மூன்றாவது கியர். நாலாவது. வண்டி பறந்தது. சுகமாக இருந்தது, சொல்வதில் என்ன வெட்கம்?

தட்... தட்...

தோளில். 'போ, போ' என்று சிநேகிதன் தட்டுவது போல.

இந்தத் தடவை திரும்பவில்லை. திரும்பியிருந்தால் விழுந்திருப்பேன்.

கம்பம் தெரிந்தது. ஆக்ஸிலரேட்டரை விட்டேன். அது மூடவில்லை. என் கைமேல் ஏதோ... ஜில்லென்று... முறுக்கிப் பிடித்திருந்தது.

தட். தட். தட்.

பயந்தேன். ஆமாம், பயந்தேன். ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக வந்தது. வீட்டில் எல்லோரும் மெதுவாகப் போ என்கிறார்கள். இது வேகமாகப் போ என்கிறது. எனக்குச் சொல்ல இதுகளெல்லாம் யார்?

"வண்டி என் கையில. நான் சொன்னாத்தான் போகும். நான் சொன்னாத்தான் நிக்கும்."

வாய்விட்டே சொன்னேன். பல்லைக் கடித்துக்கொண்டு மூடினேன். இரண்டு பிரேக்கும்.

கிரீச்...

நின்றது.

பின்பக்கம் மெல்ல எழும்பியது.

வளைவில் உருட்டிக்கொண்டு போனேன். விளக்கே இல்லாமல் ஒரு லாரி நின்றது. டிரைவரும் கிளீனரும் ரோட்டில் குத்துக்காலிட்டுச் சக்கரம் கழற்றிக்கொண்டிருந்தார்கள். வந்த வேகத்திலேயே வந்திருந்தால் மூன்று பேரும் காலி. முதலில் அவர்களை நன்றாகத் திட்டினேன். வண்டியைத் திருப்பியது அதற்கு அப்புறம்தான்.

திரும்பும்போது அண்ணன் பாதி வழியில் ஓடி வந்துகொண்டிருந்தான். முகம் வெளுத்திருந்தது. கையை நீட்டினான். சாவி. கம்பத்திலேயே நிறுத்திவிட்டேன் என்றேன்.

"பொய் சொல்லாத. சத்தம் இறங்கவே இல்ல. வளைவைத் தாண்டியும் ஏறிக்கிட்டே போச்சு. அப்புறம் டமார்னு கேட்டுச்சு."

அவனைக் கூட்டிப்போய்க் கம்பத்தடியில் டயர் தேய்ந்த கறுப்புக் கோட்டைக் காட்டினேன். குனிந்து தொட்டுப் பார்த்தான். நீட்டிய கையை மடக்கிக்கொண்டான்.

மறுநாள் காலை அந்த ஒல்லி மனிதர் வந்தார். பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ட்ரையல் எடுத்தது யார் என்றுதான் கேட்டார். நான்தான் என்றதும் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னார். இதே வண்டியில், அந்த வளைவில் மோதி அவர் தம்பி செத்திருக்கிறான். ஓட்டியது இவர். தம்பி பின்னால் உட்கார்ந்து தோளைத் தட்டுவான், தட்டினால் இவர் முறுக்குவார். அண்ணன் தம்பிக்குள் அது பழக்கமாம்.

ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா யாரும்மா இதுல கை வைப்பாங்க?"

அறைந்திருப்பேன். அவர் அழுதுகொண்டிருந்தார், அதனால் விட்டேன். இனி இதை வேறு கடைக்குக் கொண்டுபோய் எவன் உயிரையும் வாங்க வேண்டாம், இங்கேயே கொண்டுவாருங்கள், நானே ஓட்டுகிறேன் என்றேன்.

அவர் சாவியை வாங்கிக்கொண்டு வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கினார்.

"முந்தின கடை மெக்கானிக்கும் இதையேதான் சொன்னான். முதல் தடவை அவனும் முழுசாத்தான் வந்தான்."

அடுத்த மாதம் வண்டி சர்வீஸுக்கு வருகிறது. நான்தான் ஓட்டுவேன். நேர் ரோட்டில் முறுக்கத்தான் செய்வேன். கம்பம் வந்தால், எவன் தட்டினாலும் நிறுத்துவேன்.