எலிக்கூண்டு அட்டை

வீட்டில் பழைய பெட்டியைத் துடைக்கும்போதெல்லாம், எலிக்கூண்டில் தொங்கிய அந்தக் குறிப்பு அட்டை கையில் அகப்படும். ‘ஊசி தவறியது’ என்று ஆங்கிலத்தில் நானே எழுதிக் கையெழுத்தும் போட்ட அட்டை. டாக்டரம்மா அந்த வரியைப் பேனாவால் அடித்திருக்கிறார். அடித்த வேகத்தில் அட்டை கிழிந்தே போயிருக்கிறது.

எழுபதுகளின் தொடக்கம். தாம்பரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்கு ஊசி போடும் தற்காலிக வேலை எனக்கு. குரோம்பேட்டையிலிருந்து மின்சார ரயிலில் வந்ததும் எலியறை ஜன்னல்களில் தொங்கும் கோணிகளை நனைப்பேன். இல்லாவிட்டால் வெயிலில் எலிகள் துவண்டுவிடும். இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸை எலிகளுக்குச் செலுத்தி, நோய் எப்படி முற்றுகிறது என்று பார்ப்பது டாக்டரம்மாவின் ஆராய்ச்சி. என்னைவிட இளையவர்; என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு தடவை, ஊசி போட்டவற்றில் மூன்று எலிகளுக்கு மட்டும் நோயே வரவில்லை. மற்றவை மண்ணீரல் வீங்கிச் செத்துக்கொண்டிருக்க, இவை ஊறவைத்த கடலையைக் கொறித்துக்கொண்டு திரிந்தன. “மருந்து உள்ளயே போகலை, வேற என்ன?” என்றார் துறைத்தலைவர். “ஆமாம் சார், கை தவறிடுச்சு” என்றேன். கூண்டு அட்டையிலும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உண்மையில் கை தவறவே இல்லை. பெரியவர்களிடம் எதிர்த்துப் பேசாமல் தலையாட்டுவதையே மரியாதை என்று பழகியிருந்தேன். திங்கட்கிழமையோடு எலிகளையும் என்னையும் அனுப்பிவிடச் சொல்லிவிட்டார். வீட்டில் இரண்டு குழந்தைகள்.

டாக்டரம்மாவுக்கு என்மேல்தான் கோபம். “செய்யாத தப்பை எதுக்குண்ணா ஒத்துக்கிட்டீங்க? வைரஸ் உள்ளதான் இருக்கு. இதுங்க உடம்போட எதிர்ப்பு சக்தி அதை அடக்கி வெச்சிருக்கு.” எனக்கோ எரிச்சல். வேலை போகிறது, இவருக்கு எலிதான் பெரிதாகத் தெரிகிறதே என்று. அவர் தலைவரின் அறை வாசலில் அரைநாள் நின்று சில வாரங்கள் அவகாசம் வாங்கி வந்தார்.

மூன்றில் ஒன்றையும், வைரஸே செலுத்தாத இன்னொரு எலியையும் எடுத்தோம். இரண்டுக்கும் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து. “நீங்களே போடுங்க” என்று ஊசியை என் கையில் கொடுத்தார். இரண்டுக்கும் நானே போட்டேன்.

ஞாயிறுகளிலும் ஆராதனை முடிந்ததும் நேராக எலியறைக்கு வந்து பார்ப்பார். சில வாரங்களில் எங்கள் எலியின் வயிறு வீங்கியது. இரத்தத்தில் புற்றணுக்கள் நிறைந்தன. வைரஸ் செலுத்தாத எலிக்கு அந்த நோய் வரவில்லை. மருந்து கொடுக்காத மற்ற இரண்டும் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தன. தலைவர் நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்தார். “வைரஸ் உள்ளதான் இருந்திருக்கு. இவர் மேல தப்பில்லை” என்றார்.

வேலை நிலைத்தது. ஆனாலும், நான் வாய் திறந்து உண்மையைச் சொல்லாததற்கு அந்த எலி உயிரைக் கொடுத்ததாகவே தோன்றியது, இன்றும் தோன்றுகிறது.

இப்போது குரோம்பேட்டை மருந்துக் கடைகளில் எதிர்ப்பு சக்திக்கென்று டப்பா டப்பாவாகப் பொடி விற்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரும். வீட்டுக்கு வந்து அட்டையை எடுத்துப் பார்ப்பேன். சோதனை ஜெயித்த பிறகுதான் டாக்டரம்மா என் வரியை அடித்தார் என்று பல வருடம் நினைத்திருந்தேன். கிழிசலுக்குக் கீழே சின்னதாக அவர் போட்ட தேதியைக் கண்ணாடி மாற்றிய பிறகுதான் கவனித்தேன். நான் அந்த வரியை எழுதிய அதே நாள்.