தாடைக்குக் கீழே ஒரு வழி

1988 ஜூன் 6: வேலையில் சேர்ந்தார். சம்பளம் 2,850.
1997 ஜனவரி 13: வீட்டுக் கடன் 1,60,000.
2011 மே 2: இடது முழங்காலில் அறுவை. செலவு 74,300.
2019 ஏப்ரல் 1: சேமநிதியில் கடைசி முன்பணம் 50,000.

மயக்க மருந்து டாக்டரம்மாவின் முப்பத்தோரு வருடத்தை இதற்குமேல் நீட்டினால் அவரே சலித்துக்கொள்வார். "எல்லாரையும் தூங்க வைக்கிறேன். நான்தான் தூங்குறதில்ல" என்பார். நர்ஸுகள் அவருக்கு வைத்த பெயர் மூச்சம்மா.

அந்த ஏப்ரலில் உடன் வேலை செய்த டாக்டர் விடுப்பில் போக, இரண்டு பேர் வேலையும் அவர் தலையில் விழுந்தது. முழங்கால் மறுபடி வீங்கியிருந்தது. அப்போதுதான் காய்கறிச் சந்தையில் ஏலம் கூவுகிறவர் வந்து சேர்ந்தார். லாரியின் பின்கதவு முகத்தில் அடித்து, இரண்டு தாடையும் மூக்கும் நொறுங்கியிருந்தன.

"அம்மா, கழுத்துல மட்டும் ஓட்டை போட்டுடாதீங்க" என்றார் அவர், வாய் குழற. "தொண்டைதான் சோறு போடுது."

"வீட்டுலயும் அதே தொண்டைதான்" என்றாள் மனைவி. "காபில சர்க்கரை கம்மின்னா தெருவுக்கே தெரிஞ்சிடும்." சிரிக்கத்தான் ஆரம்பித்தாள், அழுகையில் முடிந்தது.

மயக்கத்தில் மூச்சு கொடுக்கும் குழாயை மூக்கு வழியாக விட முடியாது; மண்டையோட்டின் அடித்தளத்திலும் விரிசல். வாயிலேயே விட்டால், பற்களைச் சேர்த்துக் கம்பி கட்டும்போது குழாய் குறுக்கே நிற்கும். மிஞ்சியது ஒரு வழி. வாய் வழியாகவே குழாயை இறக்கிவிட்டு, அதன் வெளிமுனையை மட்டும் தாடைக்கு அடியில் சிறு கீறல் போட்டு வெளியே இழுப்பது. கழுத்து தப்பிக்கும்.

குழாயின் வெளிமுனையில் மூச்சுக் கருவியோடு இணைக்கும் பிளாஸ்டிக் மூடி ஒன்று உண்டு. அதைக் கழற்றினால்தான் கீறலுக்குள் நுழையும். அதனால் இந்த மாதிரி அறுவைக்குமுன் அவர் மூடியை ஒருமுறை கழற்றி மாட்டிப் பார்ப்பது வழக்கம். அன்றைக்கு அது மூன்றாவது அறுவை. உறையைக் கிழித்தார், குழாயை இறக்கினார், நெஞ்சில் காற்றுச் சத்தம் கேட்டார். கழற்றிப் பார்க்கவில்லை.

தாடை டாக்டர் கீறல் போட்டுவிட்டுக் காத்திருந்தார். மூடி அசையவில்லை. புதிதாக வாங்கிய குழாய். மூடியை ஒட்டியே அனுப்பியிருந்தார்கள்.

"என்ன மேடம், மல்யுத்தமா?"

"ஒட்டியிருக்கு தம்பி. நான் பார்க்காம விட்டுட்டேன்."

தாடை டாக்டரின் சிரிப்பு நின்றது. "கழுத்துலயே போட்டுடலாமா? அஞ்சு நிமிஷ வேலை."

சரி என்று சொல்லிவிட்டு முக்காலியில் உட்காரத்தான் டாக்டரம்மாவின் உடம்பு கெஞ்சியது. "குழாயை மாத்துறேன்" என்றார். "ஒரு தடவைதான். முடியலைன்னா கத்தியை எடுங்க."

நீண்ட மெல்லிய கம்பி ஒன்றைக் குழாய்க்குள் இறக்கி, குழாயை உருவி, அதே கம்பியின்மேல் இன்னொன்றைத் தள்ளினார். இந்த முறை மூடியைக் கழற்றிப் பார்த்திருந்தார். இரத்தம் ஊறிக்கொண்டேயிருந்தது. குரல்நாண் அருகே குழாய் இடித்து நின்றது. லேசாகத் திருப்பியதும் இறங்கியது. கீறல் வழியே முனை வெளியே வந்தபோது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

மூன்றாம் நாள், பற்களுக்குக் கம்பி கட்டியிருந்த ஏலக்காரர் பேச முயன்றார். காற்றுதான் வந்தது. டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உங்களுக்கு ரெண்டு தடவை குழாய் விட வேண்டியதாப் போச்சு. முதல் குழாயை நான் சரியாப் பார்க்கல. அதுல குரல்நாண் அடி வாங்கியிருக்கலாம்."

மனைவி அவரையே பார்த்தாள். "திரும்பி வருமா?"

"வரலாம். வராமலும் போகலாம்மா."

"உங்களை நம்பித்தானே படுத்தாரு?" என்றாள். டாக்டரம்மா தலையசைத்தார்.

ஜூனில் முதல் கடிதம், மனைவியின் கையெழுத்தில்: கம்பி எடுத்தாச்சு, குரல் இல்லை. ஆகஸ்டில் அவரே எழுதினார்: சந்தையில் தராசுப் பக்கம் உட்கார வைத்திருக்கிறார்கள், வேறு ஒருத்தன் கூவுகிறான், கேட்கச் சகிக்கவில்லை. இரண்டுக்கும் டாக்டரம்மா பதில் போட்டார். என்னென்ன பயிற்சி, யாரிடம் காட்டுவது என்று. எழுதி முடித்ததும் ஒவ்வொரு முறையும் அசதியில் மேசைமேல் கவிழ்ந்துகொண்டார்.

மூன்றாவதை அறுவை அறை வாசலில், இரண்டு நோயாளிகளுக்கு நடுவே பிரித்தார். "குரல் கொஞ்சம் கட்டைதான். ஆனா கடைசி வரிசை வரைக்கும் கேக்குதுன்னு சொல்றாங்க. திங்கட்கிழமைலேருந்து நான்தான் கூவுறேன். உங்கமேல கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கு. இனிமே கடுதாசி கிடையாது, போன்லயே திட்டிக்கிறேன்."

அது வந்து சேர்ந்தது 2019 நவம்பர் 21.