தண்ணியில் கிடக்கும் வண்டி

ஜுராந்திர் குடியை விட்டுப் பத்து வருடம் ஆகிறது. இப்போது அவருடைய மோட்டார் சைக்கிள் குடிக்கிறது.

இத்தாபிரு என்ற ஊரில் அவர் மோட்டோ டாக்சி, அதாவது பின்சீட்டில் ஆள் ஏற்றும் வாடகை மோட்டார் சைக்கிள், ஓட்டுகிறார். வண்டி முப்பது வயதுக் கிழடு. ஊரைச் சுற்றிக் கரும்பு, கரும்பிலிருந்து சாராயம், சாராயம் பெட்ரோலில். நூற்றுக்கு முப்பது பங்கு கலக்கலாம் என்று அரசாங்கம் சொன்ன நாளிலிருந்து வண்டிக்கு இருமல். சமதரையில் ஒழுங்காக ஓடும், மேடு தொடங்கும் இடத்தில் உயிரை விடும். அங்கே இருப்பது தெர்சியோவின் மதுக்கடை.

மெக்கானிக் நெல்சீர் டாங்கை முகர்ந்து பார்த்தான்.

"சாராயம் ஈரத்த இழுக்கும்ணே. டாங்க் அடியில தண்ணி நிக்குது, ரப்பர் குழாயும் ஊறிப்போச்சு. வண்டி தண்ணியில கெடக்கு, அவ்வளவுதான். நின்னுச்சுன்னா குழாயில வாய வெச்சு உறிஞ்சி அடிமண்டியத் துப்பிடுங்க."

சொன்னபடியே செய்தார். தினமும் காலை ஏழு மணிக்கு மதுக்கடை வாசலில் குந்தி, குழாயை உறிஞ்சித் துப்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுவார். ஊர் பார்க்காமல் இருக்குமா?

குடியை விட்டவர்கள் சங்கத்தில் ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பத்தாண்டுப் பதக்கம். அதை மாட்ட மனைவி சுவரில் ஆணிகூட அடித்துவிட்டாள். சனிக்கிழமை சங்கத் தலைவர் அனக்லேத்தோ, முன்னாள் தபால்காரர், அவர் வண்டியில் சவாரி வந்து இறங்கி மூக்கைச் சுளித்தார்.

"பதக்கத்த அடுத்த வருஷம் பாத்துக்கலாமா, ஜுராந்திர்?"

"ஐயா, நான் குடிக்கல. வண்டிதான் குடிக்குது."

"நானும் குடிச்ச காலத்துல வீட்டுல அப்படித்தான் சொன்னேன். எனக்கு சைக்கிள்."

மறுநாள் காலை பத்து மணிக்கு ஜுராந்திர் வண்டியையே கூட்டத்துக்குள் தள்ளிக்கொண்டு வந்தார். மேசையில் ஒரு கண்ணாடி பாட்டிலை வைத்தார். பாதிவரை உப்புத் தண்ணீர், அங்கே பேனாவால் ஒரு கோடு, அதற்கு மேல் டாங்கிலிருந்து எடுத்த பெட்ரோல். மூடிக் குலுக்கிவிட்டுக் காத்திருந்தார். தெளிந்தபோது தண்ணீர் கோட்டைத் தாண்டி மேலே நின்றது.

"பெட்ரோல்ல இருந்த சாராயமெல்லாம் கீழ தண்ணிக்குள்ள போயிடுச்சு. கோட்டுக்கு மேல ஏறினது அத்தனையும் வண்டி குடிச்சது. நான் இல்ல."

பன்னிரண்டு தலைகள் குனிந்து பார்த்தன.

"ஐயோ பாவம், முப்பது பங்கா!" என்றாள் சங்க உறுப்பினர் லியோபோல்தினா. "என் நல்ல காலத்துலகூட நான் இவ்வளவு தாங்கினதில்ல."

"வண்டி தானா ஒத்துக்கணும்ல? குடிய விடறதுக்கு அதான முதல் படி?" என்றார் ஒருவர். எல்லோரும் மரியாதைக்குச் சிறிது நேரம் காத்திருந்தார்கள். வண்டி ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் அனக்லேத்தோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மன்னிப்புக் கேட்டு, பதக்கத்தை ஜுராந்திரின் சட்டையில் குத்தினார்.

மேட்டுச் சதுக்கத்தில் காபி சாப்பிடலாம் என்று புறப்பட்டார்கள். தலைவர் வண்டியில், மற்றவர்கள் பின்னால் நடந்து. மேடு வந்தது. வண்டி நின்றது. ஜுராந்திர் குழாயைத் தேடினார்.

"நீங்க இருங்க, இன்னிக்குப் பதக்கம் போட்டிருக்கீங்க. நான் உறிஞ்சறேன்" என்று அனக்லேத்தோ போட்டிருந்த கோட்டுடனேயே குந்தினார். சங்கம் முழுவதும் அவரைச் சுற்றி நின்றது.

அந்த நேரம் பார்த்து மேட்டுத் தேவாலயத்தில் பூசை முடிந்து ஊரே இறங்கி வந்தது. தெர்சியோ கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தான்.

"ஐயா! மொத்த சங்கமுமா? உள்ள வாங்க, டம்ளர் இருக்கு!"

வாயில் இருந்ததைத் துப்பாமல் அனக்லேத்தோவால் பதில் சொல்ல முடியவில்லை. துப்பினார், இருமினார், சுவரைப் பிடித்து எழுந்தார்.

"நான் குடிக்கல. வண்டிதான்" என்றார்.

பாதிரியார் உட்பட யாரும் நம்பவில்லை.