செதில் வீரன்

என் மகன் செல்போன் விளையாட்டில் தனக்கொரு வீரனைத் தேர்ந்தெடுத்தான். மனித உடல், டிராகன் முகம், உடம்பெல்லாம் செதில்.

"செதில்தாம்மா கெத்து" என்றான்.

என் தோலும் பிறந்ததிலிருந்தே செதில் செதிலாகத்தான் இருக்கிறது. சின்னக்கானல் மலைக் குளிரில் அது வெடித்து ரத்தம் கசியும். அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று, அம்மா என்னை எஸ்டேட் லயத்து வீட்டுக்குப் பின்னால் விறகுக் கொட்டகையில் உட்காரவைத்தாள். ஈர விறகு வாடைக்கு நடுவே, பலகை இடுக்கு வழியாக அவள் குரல் கேட்டது: "எங்களுக்கு இவ ஒத்தப் பிள்ளதான்யா."

அவர்கள் போனதும் எனக்குக் கேசரி கொண்டுவந்தாள். முந்திரியை மட்டும் அள்ளிப் போட்டிருந்தாள்.

மகன் வீரனின் செதில்களுக்குத் தங்க நிறம் பூசிக்கொண்டே சொன்னான்: "நாளைக்கு ஸ்கூல் மீட்டிங்குக்கு அப்பா மட்டும் வரட்டும்மா."