சீரியலில் அப்பாவுக்கு விழுந்த மாலை

கொரோனா வந்த முதல் வருடம், ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்திருந்த நேரம். காஞ்சிபுரத்தில், ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோக்கள் போகிற சாலையை ஒட்டி எங்கள் தெரு. அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். நாடகத்தில் நடித்த பழக்கத்தில் ஒரு டி.வி. சீரியலில் வாய்ப்புக் கிடைத்து, கதாநாயகியின் பெரியப்பாவாகப் பல வருடம் வந்தார். தெருவே அவரைப் 'பெரியப்பா' என்றுதான் கூப்பிடும். அதில் அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

ஊரடங்கில் சீரியல் நின்று, பழைய எபிசோடுகளையே திரும்பத் திரும்பப் போட்டார்கள். ஷூட்டிங் மறுபடி தொடங்குகிறது என்றதும் அப்பா சட்டையை இஸ்திரி போட்டு வைத்துக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தார். சீரியல் மேனேஜரிடமிருந்து போனும் வந்தது. வயதானவர்களை செட்டுக்குள் விடக் கூடாதாம். அதனால் பெரியப்பா மாரடைப்பில் இறந்துவிட்டதாகக் கதையை மாற்றி, அவர் படத்துக்கு மாலை போடப்போகிறார்களாம்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! போனைப் பிடுங்கி, "வெளியூர் போயிட்டாருன்னு சொன்னா ஆகாதா? உயிரோட இருக்கிற மனுஷன் படத்துக்கு மாலை போடறீங்களே, நல்லா இருப்பீங்களா?" என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். அப்பா போனை வாங்கி, "தம்பி, ஒரே சீன்ல முடிச்சுடாதீங்கபா. நல்லா அழ வையுங்க" என்றார்.

அந்த எபிசோடு வந்தது. கூட்டம் சேரக் கூடாது என்பதால் கதாநாயகியோடு சேர்த்து நாலே பேர், ஒருவரை ஒருவர் தொடாமல் தள்ளித் தள்ளி உட்கார்ந்து அழுதார்கள். அப்பாதான் போகவில்லையே, அதனால் பிணமும் இல்லை. கூடத்தில் அவர் படம், அதில் பெரிய சம்பங்கி மாலை. அம்மா, "இந்தக் கண்றாவிய நான் பாக்க மாட்டேன்" என்று அடுப்படிக்குப் போய்க் காதைப் பொத்திக்கொண்டாள். அப்பா மட்டும் வைத்த கண் வாங்காமல் பார்த்தார். "அந்தப் பொண்ணு கிளிசரின் போடலமா. நெஜமாவே அழுதுக்கினு இருக்குது பாரு" என்று என்னிடம் சொன்னார்.

மறுநாள் தெருப் பெண்கள் மாஸ்க்கோடு வாசலில் நின்று, "இன்னா பெரிப்பா, சொல்லாம கொள்ளாம பூட்டியே!" என்று கலாய்த்தார்கள். ஒருத்தி நிஜமாகவே கண்ணைத் துடைத்தாள். அப்பா சிரித்தார். ஆனால் அந்த இஸ்திரி போட்ட சட்டையை அதன்பிறகு அவர் தொடவே இல்லை.

அடுத்த வருட அலையில் அப்பாவுக்கு மூச்சுத்திணறல். ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. முகத்தைக்கூடக் காட்டாமல் சுற்றி எடுத்துப் போய்விட்டார்கள். ஒரு முழம் பூ வைக்க விடவில்லை. எங்கள் வாசலையும் தடுப்பு வைத்து அடைத்துவிட்டதால் துக்கம் கேட்க ஒரு ஜீவன் வரவில்லை. அம்மா அழவே இல்லை. சாப்பிடாமல், பேசாமல் சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். எனக்குப் பயமாகிவிட்டது.

ஒரு நாள் சாயங்காலம் அவளே என்னிடம், "அப்பாவுக்கு அழுதாங்களே, அத்த உன் போன்ல போடுமா" என்றாள். போட்டேன். அந்தப் பெண் 'பெரியப்பா' என்று கதறியதும், அம்மா போனை மார்போடு அணைத்துக்கொண்டு, "என்னை வுட்டுட்டுப் பூட்டியேய்யா" என்று வீடு அதிர அழுதாள். நானும் அழுதேன்.

சீரியல் இன்னும் ஓடுகிறது. எப்போதாவது அந்தக் கூடத்துச் சுவரைக் காட்டும்போது அப்பா மாலையோடு சிரிப்பார். நான் அன்று அப்படித் திட்டித் தீர்த்த அந்த மாலையைத் தவிர அவருக்கு வேறு மாலையே விழவில்லை.